ஆருக்கு இந்தக் கோப்பி

மருதனார்மடம் சந்தியில் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு குகதாசனின் கந்தோருக்குக் கோப்பி மெசின் வந்து இறங்கிய அன்று அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மலையையே ஒற்றைக் கையில் தூக்கினவர் கூப்பிடு தூரத்தில் கோயில் கோபுரத்தை விட உயரமான சிலையாய் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கொடுக்கவில்லை. சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த இரண்டு பேரையும் ஓட்டோக்காரனையும் பிடித்து, கோபிசங்கர் தானும் ஒரு மூலையைப் பிடித்து, மெல்ல மெல்ல என்று பச்சைப் பிள்ளையை இறக்குவது போல இறக்கினான். சொந்த மகள் பிறந்தபோது அவன் டோகாவில் நின்றான். ஆகவே அவன் எதையாவது இவ்வளவு பக்குவமாய் ஏந்துவதை உதயகலா பார்த்தது அதுதான் முதல் தடவை.

உதயகலா, கோபிசங்கரின் பெண்சாதி. நொத்தாரிசுக்கு ஒரேயொரு தங்கச்சி. கலியாணம் முடித்து ஒன்பது வருடம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் புருசனோடு பதினொரு மாதம் இருந்திருப்பாள், மிச்சமெல்லாம் வட்சப். டோகாவில் ஒரு பெரிய ஹோட்டலில் அவனுக்குக் கோப்பி போடுகிற வேலை. ஹோட்டல்காரர் பழைய மெசினைக் கழித்துவிட, அதை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு மூன்று மாத லீவில் வந்திருந்தான். வந்த அன்றே சொல்லிவிட்டான்: ஓகஸ்ட் முடியுமுன்னம் இந்தத் தொழில் எழும்பினால் நிற்பான், எழும்பாவிட்டால் போவான். உதயகலாவுக்கு அவன் நிற்க வேண்டும். வேறு வேண்டுதல் ஒன்றும் அவளிடம் இருக்கவில்லை. நேர்த்தி வைத்து நேர்த்தி வைத்து அலுத்துப்போய், இந்தமுறை தானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தாள்.

அண்ணை லேசில் இடம் தரவில்லை. ஆக்கள் காத்திருக்கிற முன்னறையில், பழைய உறுதிப் பெட்டிகளும் செத்துப்போன காற்றாடியும் கிடந்த ஒரு மூலையைத்தான் ஒதுக்கினான். அதையும் வாயால் தந்தால் அவன் நொத்தாரிசு இல்லையே. கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்கினான். வடக்கே சுவர், கிழக்கே தட்டெழுத்து சுபாஜினியின் மேசை, தெற்கே ஆக்கள் குந்துகிற வாங்கு, மேற்கே யன்னல். இந்நான்கெல்லைக்கு உட்பட்ட ஆறடிக்கு ஐந்தடி, ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி மட்டும். வழிவாய்க்கால் உரித்து மாத்திரம் எழுதப்படவில்லை. அதனால் கழுவுகிற தண்ணீருக்குச் சுவரில் துளை போட இன்னொரு தடவை கெஞ்சவேண்டியிருந்தது.

கோபிசங்கர் வேலையில் இறங்கினால் சாமி வந்த ஆள். தன் முழங்கையை அளந்து அந்த உயரத்துக்கு மேசை செய்வித்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் சுண்ணாம்பாய்ப் படிகிற தண்ணீர், ஒரு மாதத்தில் மெசினைக் கொன்றுவிடும் என்று கொழும்பிலிருந்து வடிகட்டி எடுப்பித்தான். பால்மா வேண்டாமென்று பின் ஒழுங்கையில் மாடு வைத்திருந்த வீட்டில் பாலுக்குச் சொன்னான். மின்சாரம் மட்டும் அவன் சொல் கேட்கவில்லை. மெசின் ஆவி விடும்போது அண்ணையின் போட்டோகொப்பி மெசின் பாதித் தாளைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். சுபாஜினி தலையில் கை வைப்பாள். பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, முறைவைத்து வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடச் சுபநேரத்தில் முதல் கோப்பியை அண்ணை குடித்தான். கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, நல்லாயிருக்கு என்றான். ஆனால் கோப்பி கொஞ்சம் கூடிப்போச்சாம்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் குடிக்கவில்லை. ஒரு கிழமையாய் வாங்கு நிறைய ஆக்கள், மேசை நிறையக் கோப்பை, இரண்டுக்கும் நடுவில் கறுப்பு ஏப்ரன் கட்டிய கோபிசங்கர். வெள்ளிக்கிழமை உதயகலா வந்து மூலையில் உட்கார்ந்து கவனித்தாள். காலை ஆறு மணிக்கு அச்சுவேலியில் பஸ் ஏறி வந்து பதினொரு மணிவரை காய்ந்துபோய் இருந்த ஒரு மனிசனிடம் அவன் போய், அண்ணை, கோப்பி ஒன்று குடிக்கிறீங்களா என்று கேட்டான். அந்த மனிசன், வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்றார். இவன் சரி என்றான். சரி என்றுவிட்டுத் திரும்பி வந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினான். அந்த மனிசனின் முகம் போன போக்கைப் பார்க்க உதயகலாவுக்குப் பாவமாய் இருந்தது.

அவள் அவனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கென்ன விசரோ? அந்தாள் வேண்டாம் எண்டால் விட்டிட்டு வாறதோ?"

"வேண்டாம் எண்டுதானே சொன்னவர்."

"எங்கடை ஊரிலை ஆர் முதல் தரம் ஓம் எண்டது? செத்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தண்ணி குடுத்தாலும் இப்பதான் குடிச்சனான் எண்டுதான் சொல்லுவான்."

முதலாவது வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவது தரம்தான் அரைக் கோப்பை போதும் என்பார்கள், பிறகு நிறைகோப்பை குடிப்பார்கள். இதை அவள் அவனுக்கு, பாலர் வகுப்புப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்வது போலச் சொல்லிக்கொடுக்கவேண்டி வந்தது. ஒன்பது வருடத்தில் பாலைவனம் மனிசனை எப்படி உலர்த்திவிட்டது என்று அவளுக்கு ஆத்திரம். அவனோ, அங்கை வேண்டாம் எண்டால் வேண்டாம்தான் என்று நின்றான். உப்பிடியே நில்லுங்கோ என்றுவிட்டுத் திங்கட்கிழமை அவளே களத்தில் இறங்கினாள்.

உபசரிப்பில் அவளை வெல்ல ஆளில்லை. கையைப் பிடித்து இருத்தினாள். வெயிலில் வந்திருக்கிறியள் என்றாள். குடிக்காமல் போனால் எனக்கு மனவருத்தம் என்றாள். அன்று ஒரு நாளில் முப்பத்திரண்டு கோப்பை போயிற்று. கோபிசங்கருக்குக் கை ஓயவில்லை, முகத்தில் டோகாக் களை. முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் காசு தரவில்லை. நல்ல கோப்பி பிள்ளை, நல்லாயிருப்பாய் என்று தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டு உறுதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். கடைசியாய் ஒரு இணுவில் கிழவரை மறித்துக் கோபிசங்கர் விலையைச் சொல்ல, கிழவர் உடைந்துபோனார். வருந்தி வருந்திக் கூப்பிட்டுக் குடிக்கத் தந்துவிட்டுக் காசு கேட்கிறார்கள் என்று சந்தை முழுக்கச் சொல்லி, பின்னேரம் அந்தக் கதை அண்ணையின் காதுக்கே வந்துவிட்டது. அண்ணை அவளை உள்ளே கூப்பிட்டு, தகப்பனுடைய பெயர், தன் கந்தோரின் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தான்.

கிழவரும் அண்ணையும் சொன்னதும் பிழையில்லை என்று உதயகலாவுக்குத் தெரியும். வற்புறுத்தாவிட்டால் ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள். வற்புறுத்தினால் விருந்தாளி ஆகிவிடுவார்கள். விருந்தாளியிடம் காசு வாங்குகிறவளை இந்த ஊர் காறித் துப்பும். அடுத்தநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விளங்கிற்று. வற்புறுத்துகிறவர்தான் செலவைப் பார்க்கவேண்டும் என்பது சட்டம். அப்படியானால் வற்புறுத்துகிற வேலையை அவள் ஏன் செய்யவேண்டும்? துருவலையை விட்டு எழும்பி, சம்பல் இடிக்காமலே சந்திக்கு வந்துவிட்டாள்.

அன்று ஒரு காணி உறுதி. வாங்குகிறவர் ஒரு பக்கம், விற்கிறவர் மறுபக்கம், நடுவில் சாட்சிகள். உதயகலா வாங்குகிறவரின் அருகில் போய்க் குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கத்தக்க இரகசியக் குரலில் சொன்னாள்: "உங்களுக்காக வேலை வெட்டியை விட்டிட்டு வந்திருக்கினம். வெறும் வாயோடையே அனுப்பப் போறியள்?"

அவரின் கை தானாகவே சேட் பைக்குள் போனது. எல்லாருக்கும் குடும் பிள்ளை என்றார். விற்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? காணியை விற்றாலும் மானத்தை விற்கவில்லை என்று அவர் இரண்டாம் சுற்றுக்குச் சொன்னார். சாட்சிகள் தங்களுக்குள் அடிபட்டுச் சுபாஜினிக்கும் அண்ணைக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். தனக்கென்று ஒரு கோப்பி வாங்க இந்தத் தீபகற்பத்தில் ஆளில்லை, மற்றவனுக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்னால் காதில் கிடக்கிற தோட்டையும் கழற்றுவார்கள். யூலை முடிவதற்குள் கோப்பிச் செலவு முத்திரைச் செலவோடு சேர்ந்துவிட்டது. அண்ணை ஓகஸ்டுக்குப் பிறகும் எல்லைகளை அப்படியே வைத்திருக்கலாம் என்று தானாகவே சொன்னான். உதயகலா மகளிடம், அப்பா இனி நிற்பார் என்று சொல்லியும்விட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. கோபிசங்கரின் முகம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. திரும்பி வருகிற கோப்பைகளை அவன் எண்ணத் தொடங்கியிருந்தான். முக்கால்வாசி கோப்பை அப்படியே வரும். ஒரு மிடறு, அதுவும் வாங்கித் தந்தவரின் முகத்துக்காக. பிறகு வாங்குக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள். அவன் அதை வாளிக்குள் ஊற்றும்போது ஏதோ செத்துப்போனதைப் புதைப்பது போல ஊற்றுவான்.

"இது கோப்பி விக்கிறதில்லை கலா," என்றான் ஒருநாள். "கோயில் வாசலிலை அர்ச்சனைத் தட்டு விக்கிறது. ஆற்றையோ பேரிலை வாங்கினம், ஆரும் சாப்பிடினமில்லை."

"வாங்கினம்தானே. உங்களுக்கு அது காணாதோ?"

"தனக்கெண்டு கேட்டு, தான் குடிச்சு முடிக்கிற ஒரு ஆளை நீர் எனக்குக் காட்டும். நிக்கிறன்."

உதயகலாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பெண்சாதியும் பிள்ளையும் முழுதாய் முன்னால் நிற்க, இந்த மனிசன் கோப்பையில் மிச்சம் கிடப்பதைப் பார்த்து அழுகிறான். உங்களுக்கு நாங்கள் காணாதோ என்று கேட்க வாய் வந்தது. கேட்டு, அவன் ஓம் காணாது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எப்படி ஒரு வீட்டில் இருப்பது? கேட்காமல் போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.

ஓகஸ்ட் கடைசிக் கிழமையில்தான் சண்டிலிப்பாய்ச் சகோதரர்கள் வந்தார்கள். தமையன் தியாகராசா, தம்பி தருமகுலசிங்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. தம்பி தன் முறை இல்லாத நாளில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்ததில் வந்த சண்டை. பதினொரு வருடம் கதைபேச்சில்லை. இப்போது தம்பி தன் பங்கைத் தமையனுக்கு எழுதிவிட வந்திருந்தார். வாங்கின் அந்தத் தொங்கலில் ஒரு கட்சி, இந்தத் தொங்கலில் ஒரு கட்சி, தியாகராசாவின் மனைவி குணலட்சுமி நடுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு.

உதயகலா வழக்கம்போலக் குனிந்து தன் இரகசியத்தைச் சொன்னாள். தியாகராசா எல்லாருக்கும் தன் செலவு என்றார். தருமகுலசிங்கம் முகட்டைப் பார்த்துக்கொண்டு, எங்கடை ஆக்களுக்கு நாங்கள் குடுப்பம் எண்டு அவரிட்டைச் சொல்லும் பிள்ளை என்று சுபாஜினிக்குச் சொன்னார். அப்படியானால் கிணற்றுக் காசிலிருந்தா கொடுக்கப்போகிறாராம் என்று தமையன் சுபாஜினிக்குச் சொன்னார். சுபாஜினி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நொந்துபோனாள். இதற்குள் கோபிசங்கர் ஒன்பது கோப்பை போட்டு வரிசையாய் வைத்துவிட்டான். பாலை அவ்வளவு அழகாய் நுரைக்க வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நுரையால் இலைக்கோலம் போட்டிருந்தான். எடுப்பார் இல்லை. யாருடைய கோப்பி என்று முடிவாகாமல் குடிக்கிறவர், மற்றக் கட்சிக்குத் தோற்றவர்.

கால் மணித்தியாலம் போயிற்று. இலை கலைந்தது, நுரை அடங்கியது, பாலில் ஆடை பிடித்தது. கடைசியில் அண்ணை கதவைத் திறந்துகொண்டு வந்து தீர்ப்புச் சொன்னான்: மேற்படி ஒன்பது கோப்பியிலும் இரு பகுதியாருக்கும் பிரிபடாத அரைப் பங்கு. இருவரும் தலையாட்டினார்கள். எல்லாரும் ஆளுக்கொரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்து வைத்தார்கள். குணலட்சுமி மட்டும் தன் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, புருசன் எப்போது தலையாட்டுவார் என்று அந்தக் கால் மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டியபோது அது பச்சைத் தண்ணீர். வாயில் வைத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

கோபிசங்கர் ஒன்பதையும் வாளிக்குள் ஊற்றினான். கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வானுக்குச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு சீற் சொன்னான்.

சனிக்கிழமை கந்தோர் அரைநாள். அண்ணையும் சுபாஜினியும் போய்விட்டார்கள். கோபிசங்கர் பயணச் சட்டையோடு நின்று, அணைத்துக் கழுவி வைத்த மெசினை உதயகலாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வடிகட்டியை எப்போது மாற்றுவது, எந்தக் குழாயைத் தொடக்கூடாது. அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவன் சொல்லுகிற வாயைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது இரண்டு வருடம் கழித்து என்று மட்டும் நினைத்தாள். வான் நேரத்துக்கு முன்னமே வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றது.

அப்போது குணலட்சுமி சந்தைப் பையோடு உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்து, வாங்கில் நடுவில், சுவரில் சாயாமல் உட்கார்ந்தாள். உதயகலா பழக்கதோசத்தில் வாசலை எட்டிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை.

"ஒரு கோப்பி தாங்கோ பிள்ளை."

"ஆருக்கு அன்ரி?"

"எனக்கு."

"கூட ஆரும் வருகினமோ?"

"ஏன், நான் ஒராள் காணாதோ?" என்றாள் குணலட்சுமி. "அண்டைக்கு உவையள் பங்கு பிரிச்சு முடியத் தந்தது ஆறிப்போச்சு. வாசம் மூக்கிலை நிக்குது. சூடாய்க் குடிச்சுப் பாப்பம் எண்டு வந்தனான்."

உதயகலா யன்னலைப் பார்த்தாள். சனிக்கிழமைச் சந்தி, யன்னலுக்கு வெளியே பாதிச் சண்டிலிப்பாய் பஸ்ஸுக்கு நிற்கிறது. அறுபது வயதில் ஒரு பெண் கடை வாங்கில் தனியே இருந்து தனக்கென்று கோப்பி குடிப்பதை அத்தனை பேரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அது குணலட்சுமிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் முகத்தை யன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

கோபிசங்கர் மெசினைப் பார்த்தான், வானைப் பார்த்தான். "அன்ரி, மெசின் நிப்பாட்டியாச்சு. திரும்பச் சூடாக இருபது நிமிசம் செல்லும்."

"முப்பத்தெட்டு வருசம் உவையளுக்கு அடுப்படியிலை நிண்டனான் தம்பி. இருபது நிமிசம் குந்தியிருக்க மாட்டனோ?"

அவன் சுவிச்சைப் போட்டான். சட்டைக் கையை மடித்தான். வான்காரன் ஒருதரம் ஹோர்ன் அடித்தான், பிறகு இரண்டுதரம் சேர்த்து அடித்தான், பிறகு கையை எடுக்காமல் அடித்தான். கோபிசங்கருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. கொட்டையை அரைத்தான். முதலில் வடிந்ததை, சூடு காணாது என்று ஊற்றிவிட்டு மறுபடியும் அரைத்தான். பாலை நுரைக்க வைத்து, இலை போட்டு, கோப்பையைத் தட்டில் வைக்காமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றான்.

குணலட்சுமி அவசரப்படவில்லை. ஊதி ஊதிக் குடித்தாள். நடுவில் ஒருதரம் கண்ணை மூடினாள். அடியில் கிடந்த நுரையைக் கோப்பையைச் சரித்து, தலையை அண்ணாந்து இழுத்தாள். சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, காசை எடுத்து வாங்கில் வைத்தாள்.

"சீனி இன்னும் கொஞ்சம் போடலாம்," என்றாள். "செவ்வாய்க்கிழமையும் சந்தைக்கு வருவன் தம்பி. நிப்பியளோ?"

கோபிசங்கர் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொட்டும் இருக்கவில்லை.

"நிப்பன் அன்ரி," என்றான்.

அவன் அடுத்த சொல்லை யோசிக்கு முன்னம் உதயகலா வாசலைத் தாண்டிவிட்டாள். வானின் பின்கதவைத் திறந்து, முப்பது கிலோப் பெட்டியைத் தானே பிடித்து இழுக்கத் தொடங்கினாள். வான்காரன் பதறி இறங்கி வந்து, அக்கா, அண்ணை வரேல்லையோ என்று கேட்டான்.

"அவருக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இருக்கு," என்றாள். "நீர் உந்தப் பக்கத்தைப் பிடியும்."